ஏறாத வரிகள்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவனுக்குப் பத்தாம் வகுப்பு; வீட்டில் டிவி போட யாருக்கும் தைரியமில்லை.

சரி, உன் கடை விஷயம். குழந்தைகள் உடுப்புப் பட்டியலை எக்ஸெலிலிருந்து உன் இணையக் கடையை நடத்தும் வூகாமர்ஸ் மென்பொருளில் ஏற்றினால் பாதி ஏறவில்லை, முழு ஃபைலையும் திரும்பத் திரும்ப ஏற்றுகிறேன் என்கிறாய். முதலில் அதை நிறுத்து. இம்போர்ட் முடிந்ததும் எத்தனை ஏறின, எத்தனை தோற்றன என்று காட்டும் இடத்திலேயே பதிவைப் பார்க்க ஓர் இணைப்பு இருக்கும். ஏறாத ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் அதில் உண்டு. மூடுவதற்குள் அதைக் காப்பி பண்ணி வைத்துக்கொள்.

'இந்த எஸ்கேயூ ஏற்கனவே இருக்கிறது' என்பதுதான் உனக்கு அதிகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எஸ்கேயூ என்பது ஒவ்வொரு பொருளுக்கும் நாம் கொடுக்கும் தனி அடையாள எண்; நீ பார்கோடையே அதற்கு வைத்திருக்கிறாயே! நம் நாட்டு பார்கோடு 890இல் தொடங்கும் 13 இலக்கம். எக்ஸெல் அதை 8.90 என்று ஆரம்பித்து +12 என்று முடிகிற மாதிரி சுருக்கிக் காட்டும். கடையில் ஏற்றுவதற்காக சிஎஸ்வியாக, அதாவது வெறும் எழுத்தாலான அட்டவணை ஃபைலாக, சேமித்தால் கண்ணில் தெரிகிற சுருக்கம்தான் ஃபைலுக்குள் போகும். உன் கம்பெனிக்கான தொடக்க எண்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே, ஆக இருபது டிசைனும் ஒரே எண்ணாகிவிடும். முதலாவது ஏறும், மீதி வெளியே நிற்கும்.

அந்த சிஎஸ்வியைத் திருத்தப் பார்க்காதே, அதில் இலக்கங்கள் போனது போனதுதான். மூல எக்ஸெலில் அந்தக் கட்டங்களைத் தசமமில்லாத எண்ணாக மாற்றி, தோற்ற வரிகளை மட்டும் தலைப்பு வரியோடு தனி ஃபைலாக எடு. சுருங்கிய எண்ணோடு ஏறிய அந்த முதல் டிசைனைக் கடையில் தேடி அழித்துவிட்டு, அதையும் இந்த ஃபைலில் சேர்த்துக்கொள். 'இருக்கும் பொருட்களைப் புதுப்பி' என்ற டிக்கை எடுத்துவிடு. அது இருந்தால் கடையில் இல்லாத பொருளையெல்லாம் தாண்டிப் போய்விடும்.

எனக்கு ஏறாததைவிடத் தப்பாக ஏறியதுமேல்தான் பயம். '2-3' வயது என்று நீ அடித்த அளவை எக்ஸெல் மார்ச் 2 ஆக்கியிருக்கும். எந்தப் பிழையும் காட்டாமல் கடைக்குள் போய் உட்கார்ந்திருக்கும், வாங்க வருகிறவர் சிரிப்பார். அளவுக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடி. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வந்திருந்தால், சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடு.

அப்புறம், சேகர் மகள் கல்யாணத்துக்கு வருகிறாயா? நான் ரயில் டிக்கெட் போடப் போகிறேன், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
ரவி