பாப்பா, அந்தப் பெரிய போர்வைய வாங்காத

அடியே பாப்பா,

நேத்து நீ கடையில நின்னுட்டு அந்தப் பஞ்சு மாதிரி போர்வை போட்டோவ அனுப்பி "அக்கா இது போதுமா, இல்ல இன்னும் பெருசா வாங்கவா"ன்னு கேட்டல்ல, அப்ப என் பிள்ள அழுதுட்டு இருந்தான், ஒழுங்கா பதில் சொல்ல முடியல. அதான் இப்ப ரெண்டு பேரையும் தூங்க வச்சுட்டு நிதானமா எழுதுறேன். வாங்காத. ஸ்ட்ரோலருக்கு, அதான் பிள்ளைய வச்சுத் தள்ளுற வண்டிக்கு, நான் தைச்சுத் தரேன்.

பெரியவனுக்கு எட்டு மாசம் இருக்கும்போது நானும் உன்ன மாதிரிதான், கனடாவுல இந்த ஸ்கார்பரோல எங்களுக்கு மொத விண்டர், பிள்ளைக்குக் குளிரக் கூடாது, அது ஒண்ணுதான் மண்டையில ஓடிட்டு இருந்துச்சு. அஞ்சடிக்கு ஒரு ஃப்ளீஸ் போர்வை வாங்கி நாலா மடிச்சுப் போத்தி லாரன்ஸ் அவென்யூ பஸ் ஸ்டாப்புக்குத் தள்ளிட்டுப் போனேன். அவன் ஒதச்சு ஒதச்சு ஒரு முனை கீழ எறங்கி முன் சக்கரத்துல சுத்திக்கிச்சு, எனக்குத் தெரியவே இல்ல, பஸ் வந்துருச்சேன்னு வேகமா தள்ளுறேன், வண்டி அப்படியே நின்னுருச்சு, பிள்ள முன்னாடி குலுங்கிட்டான். பெல்ட் போட்டிருந்ததால ஒண்ணும் ஆகல. ஆனா ஐஸ் உருக ரோட்டுல போட்ட அந்த உப்புத் தண்ணியில ஊறுன போர்வைய சக்கரத்துலருந்து பிச்சு எடுத்தப்ப என் கை நடுங்குனது இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம்தான் இஞ்ச் டேப் எடுத்தேன். உக்கார்ற எடத்தோட அகலம் 14 இஞ்ச், பிள்ளையோட நெஞ்சுலருந்து கால் வைக்கிற பலகை தாண்டி 30 இஞ்ச், அவ்வளவுதான் பாப்பா மொத்தமே. ரெண்டு பக்கமும் உள்ள செருக ஆறாறு இஞ்ச் விட்டா 26. நான் 26க்கு 40 தைச்சு, கீழ் பத்து இஞ்ச மேல மடிச்சு ரெண்டு ஓரத்தையும் மூடிட்டேன், கால் ரெண்டும் பை மாதிரி அதுக்குள்ள போயிரும். எவ்வளவு ஒதச்சாலும் போர்வை காலோடதான் இருக்கும், தரைக்கு வராது. இந்தப் பை இல்லாம எந்த அழகான போர்வையும் ஸ்ட்ரோலருக்கு வேண்டாம், இதுல நான் பிடிவாதமா இருக்கேன்.

துணி எதுன்னு கேப்ப. நீ பொறந்தப்ப தூளி கட்டுன சேலை ஞாபகம் இருக்காது உனக்கு, எனக்கு ஏழு வயசு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மாவோட அரக்குக் கலர் சுங்குடி, ஹால் கொக்கியில கட்டி நான்தான் ஆட்டுவேன், நிறுத்துனா நீ முழிச்சுருவ. அந்தச் சேலைய போன தடவ மதுரைக்குப் போனப்ப பீரோ அடியிலருந்து எடுத்துட்டு வந்தேன். நடுவுல நைஞ்சு போயிருக்கு, வெளிச்சத்துல புடிச்சா தெரியும், ஆனா ஓரங்கள் அப்படியே இருக்கு. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துன புள்ளியெல்லாம் மங்கலா ஆயிருச்சு, ஆனா அந்த மெத்துமெத்துன்னு இருக்கிறது புதுத் துணியில எங்க தேடுனாலும் கெடைக்காது. நம்ம ஊருல பச்சப் பிள்ளையப் பழைய வேட்டியிலயும் சேலையிலயும் சுத்துறது சும்மா இல்லடி, நூறு தடவ தொவைச்ச பருத்தியில கஞ்சி கெடையாது, சாயம் எறங்காது, உறுத்தாது. புதுசுதான் வேணும்னா வெட்டுறதுக்கு முன்னாடியே வெந்நியில தொவைச்சுச் சுருங்க விடணும், சுங்குடின்னா தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் தனியா அலசணும், பிள்ள எப்படியும் முனையச் சப்பும்.

சேலை அகலம் 45 இஞ்ச் வருதுல்ல, அதனால 40 இஞ்ச் நீளம் அகலத்துலயே கெடச்சிரும், சேலையில நீளவாக்குல ஒன்றரை கஜம்தான் செலவு. தையலுக்கு அரை இஞ்ச் சேத்து ரெண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ள பாக்குற மாதிரி வச்சு, மேல மெல்லிசான காட்டன் பேட்டிங் ஷீட், அதான் உள்ள வைக்கிற பஞ்சு விரிப்பு, போட்டு சுத்தி அடிச்சு, கை போற அளவு ஆறு இஞ்ச் விட்டுத் தலகாணி உறை மாதிரி திருப்பிக்கணும். பேட்டிங்க ஓரத்துல ஒரு இஞ்ச் கம்மியா வெட்டு, இல்லன்னா கால் பைய மூடுற எடத்துல அடுக்கு மேல அடுக்கு சேந்து வீட்டு மெஷின் ஏறாது, நான் மொதல்ல 14 நம்பர் ஊசியில அடிச்சு ரெண்டு ஊசி ஒடஞ்சு போய் அப்புறம் 16 போட்டேன். திருப்புனதும் அயர்ன் பண்ணி நாலு இஞ்சுக்கு ஒரு கோடு தையல், நடுவுலருந்து ஆரம்பிச்சு வெளிய வரணும், ஓரத்துலருந்து வந்தா துணி நடுவுல மடிப்பு மடிப்பா கூடிக்கும். கோடு போடாம விட்டா நாலு வாஷ்ல உள்ள பஞ்சு உருண்டுரும். முனைய வளைக்க சாப்பாட்டுத் தட்ட வச்சு வரைஞ்சேன்.

மேல ரெண்டு பக்கமும் சின்ன வெல்க்ரோ பட்டி, ஸ்ட்ரோலர் கம்பியச் சுத்தி ஒட்டிக்க. கயிறு, ரிப்பன், பட்டன் எதுவும் வேண்டாம், கயிறு கழுத்துக்குப் போகும், பட்டன் வாய்க்குப் போகும்.

உனக்கு ஒண்ணு மட்டும் மாத்துறேன். கால்கரியில சினூக்னு அந்தச் சூடான காத்து அடிச்சா காலைல மைனஸ்ல கெடந்த ஊரு மதியம் ஐஸ் உருகி ஓடுதுன்னு நீயே சொல்லிருக்க, அதனால ஃப்ளீஸ இதோட சேத்து தைக்கல, தனியா தரேன், வேணும்னா மேல போடு, வேணாம்னா எடுத்துரு. கையத் தொட்டுப் பாக்காத, கை எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும், பின்கழுத்துல விரல் வை, வேர்த்திருந்தா ஒண்ண எடு.

அம்மா வந்ததும் சண்டை வரும், இப்பவே சொல்லிட்டேன். போர்வைய பிள்ளைக்கு அடியில விரிச்சு மேல பெல்ட் போடச் சொல்லுவாங்க. கார் சீட்டுல அது கூடவே கூடாது, இடிச்சா பஞ்சு அமுங்கி பெல்ட் லூசாயிரும், மொதல்ல பெல்ட் அப்புறம் போர்வை. வெயில் வருதுன்னு ஸ்ட்ரோலர் கூரை மேல மூடச் சொல்லுவாங்க, உள்ள சூடு ஏறிரும், காத்தும் போகாது. ராத்திரி தொட்டில்லயும் இதப் போடக் கூடாது, ஒரு வயசு ஆகுற வரைக்கும் அங்க தளர்வா எந்தத் துணியும் வேண்டாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. இது நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே தள்ளும்போது மட்டும், நெஞ்சுக்குக் கீழ, கை ரெண்டும் வெளிய. அம்மாகிட்ட நீ வாதாடாத, என்னக் கூப்பிடு, நான் பேசிக்கிறேன்.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான், அந்த ஸ்ட்ரோலரப் பிரிச்சு நிறுத்தி சீட் அகலமும், சீட்லருந்து முன் சக்கரம் வரைக்கும் எவ்வளவுன்னும் அளந்து அனுப்பு. பெரியவனுக்குத் தைச்சப்ப முந்தானைப் பக்கத்துல கத்திரி வைக்கல, மடிச்சு வச்சிருக்கேன். அது உன் பிள்ளைக்கு.

அக்கா