ஏழு மரத்தக்கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த வாரம் நள்ளிரவில் எங்கள் பாய்மரப் படகுக்கு நேர்ந்ததை இம்மடலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அறிவீர்கள்; உங்களில் பலர் அன்றிரவே முழங்காலளவுத் தண்ணீரில் எங்களோடு நின்று வாளி வாளியாக இறைத்தவர்கள். ஆகவே, அடியிலிருந்த பழைய வால்வு ஒன்று உடைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது என்பதைத் தவிர, அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. படகு மிதக்கிறது. உட்பலகைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்திருக்கிறோம். இயந்திரத்துக்குள் உப்புநீர் புகவில்லை. என் கணவர் நேற்றுத்தான் இரவு முழுவதும் உறங்கினார். மனம் ஆறிய பிறகு எழுதினால் சொல்ல வேண்டியதைச் சுருக்கிவிடுவேனோ என்ற அச்சத்தில் இன்றே எழுதுகிறேன்.

1978-இல் பிரிட்டனில் கட்டப்பட்ட இந்த 32 அடிப் படகு, மலேசியாவின் லங்காவித் தீவிலுள்ள படகுப் பட்டறையில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட நிலையில், ஆறு மழைக்காலங்களை ஆளில்லாமல் கழித்த பிறகு எங்களிடம் வந்தது. அந்தக் காலத்து ஃபைபர் கிளாஸ் உடல் தடிமனானது. அதில் பெரிய குறையில்லை. மேல்தளம்தான் எங்கள் பதினான்கு மாதங்களையும் சேமிப்பின் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துத் தளம் அமைப்பது அன்றைய வழக்கம். போல்ட்டு துளைகளின் வழியே இறங்கிய மழைநீர் அந்த மரத்தை நனைத்து, ஊறிய தேங்காய் நாரைப் போலக் கறுப்பாக்கியிருந்தது. என் கணவர் சுத்தியலின் மரப்பிடியால், தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, அங்குலம் அங்குலமாகத் தட்டி, ஓசை மழுங்கிய இடங்களிலெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மாலையில் பார்த்தபோது வட்டமில்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. ஈரத்தின்மேல் எபாக்சிப் பசை பிடிக்காது என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட காற்றுக்காகக் காத்திருந்து அதை முடித்தோம்.

அவ்வளவு பெரிய வேலையைச் செய்தவர்கள், படகின் அடியிலுள்ள ஏழு வால்வுகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீருக்கு ஒன்று, சமையல் தொட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் ஒவ்வொன்று, கழிப்பறைக்கு இரண்டு, சுக்கான் பிடிக்குமிடத்தில் தேங்கும் மழைநீர் வடிய இரண்டு: ஏழும் நீர்மட்டத்துக்குக் கீழே கடலை நோக்கித் திறப்பவை. பச்சை படிந்து உறுதியாகத் தோன்றின. புதிய வெண்கல வால்வுகளுக்குச் சொல்லியிருந்தோம்; அவை வந்துசேரவில்லை; படகை நீரில் இறக்கும் நாளோ குறிக்கப்பட்டுவிட்டது.

அந்த வாரத்தில்தான் பெரியவர் ஒருவர் வந்தார். 2020-ஆம் ஆண்டின் இறுதி நாள்வரை பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய பழைய இரட்டைத்தளப் பெர்ரிப் பயணப் படகுகளைப் பழுதுபார்த்த பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். இங்கே குவா நகரிலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருப்பதாகவும், காலையில் நடக்கும்போது படகுகளைக் கண்டு உள்ளே நுழைந்ததாகவும் சொன்னார். தேநீர் கொடுத்தேன். பேசிக்கொண்டே கீழே குனிந்து, பேனாக்கத்தியால் ஒரு வால்வின் கழுத்தைச் சுரண்டினார். மஞ்சளாக மின்ன வேண்டிய உலோகம் ரோஜா நிறத்தில் தெரிந்தது. பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் அரித்துவிட்டால் செம்பு மட்டும் எஞ்சும் என்றும், அது பார்வைக்கு முழுதாக இருந்தாலும் ரஸ்க்கைப்போல உடையும் என்றும் விளக்கினார். எங்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு துளையின் அளவையும் ஒரு நூலில் முடிச்சிட்டு எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் மாலை ஒரு துணிப்பையோடு திரும்பினார். பையில் ஏழு மரத்தக்கைகள், ஒரு முனை தடித்து மறுமுனை கூம்பாக, ஒவ்வொன்றும் ஒரு துளைக்கென்று கையால் சீவப்பட்டவை. மலாயில் புலாய் என்றும் தமிழில் ஏழிலைப்பாலை என்றும் வழங்கும் மரம் அது. மென்மையானது, நீர்பட்டால் ஊதித் துளையை இறுக அடைப்பது. முற்காலத்தில் பள்ளிப் பலகைகள் செய்த மரம் என்பதால் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு அதன்மேல் தனி அன்பு உண்டு. ஒவ்வொரு தக்கையையும் அதற்குரிய வால்வின் அருகிலேயே நைலான் கயிற்றால் கட்டினார். ஒற்றைக் கையால் ஓர் இழுப்பு இழுத்தால் அவிழும் முடிச்சு. எல்லாவற்றையும் கட்டி முடித்தபின், “கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்க, டீச்சர்” என்றார். இழுத்தேன், அவிழ்ந்தது. அவரே மீண்டும் கட்டினார். “புது வால்வு வர்ற வரைக்கும் இது பக்கத்துலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, காசு எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

வால்வு உடைந்த அன்றிரவு விளக்கில்லை. ஒன்றரை அங்குலத் துளை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் உள்ளே வரும். எங்கள் பம்பு அதில் பாதியைக்கூட வெளியேற்றாது. என் கை தானாகச் சென்றது, முடிச்சு அவிழ்ந்தது, தக்கை பொருந்தியது. உள்ளங்கையின்மேல் மோதிய தண்ணீரின் வேகம் சட்டென்று அற்றுப்போன அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன். இருட்டில் அந்த இடத்தில் வேறொருவர் தேட வேண்டியிருக்கும் என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே எண்ணிப் பார்த்த மனம் அவருடையது. நாங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மற்ற அனைவருக்கும் ஒருசேர நன்றி கூறுகிறேன், வரிசையில் முன்பின் பார்க்க வேண்டாம்: பம்பு ஓயாமல் ஓடும் ஓசையைக் கேட்டு முதலில் கதவைத் தட்டிய நேப்பாளக் காவலருக்கும், தங்கள் பெரிய பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பக்கத்துப் படகு பிரெஞ்சுத் தம்பதியருக்கும், விடியும்வரை தண்ணீர் இறைத்த பட்டறைத் தோழர்களுக்கும், காலையில் எல்லோருக்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலங்கள் கொடுத்தனுப்பிய கடைக்கார அக்காவுக்கும், தீபாவளி விடுப்பில் வந்து உப்புநீரில் நனைந்தவற்றைக் கழுவித் தந்த என் முன்னாள் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

வெண்கல வால்வுகள் வந்துவிட்டன, ஏழையும் மாற்றிவிட்டோம். ஆறு தக்கைகள் அதனதன் இடத்திலேயே கட்டப்பட்டிருக்கின்றன. ஊதிப்போன ஏழாவதற்கு மாற்றாக ஒன்றைச் சீவ நானே கற்றுவருகிறேன். பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் தம்பதியரின் பழைய படகில் ஐந்து துளைகள் இருக்கின்றன. அவற்றை நூலில் அளந்து வைத்திருக்கிறேன். இனி இங்கே வரும் ஒவ்வொரு பழைய படகுக்கும் இதைச் செய்வேன்.

பெரியவர் பட்டர்வொர்த்துக்குத் திரும்பிவிட்டார் என்று அறிந்தேன். அவரிடம் கைப்பேசி இல்லை. மகள் வீடு எந்தத் தெருவில் என்று நான் கேட்டுவைக்கவில்லை. அன்று முறையாக நன்றி சொல்லவும் இல்லை. பெர்ரிப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களோ உறவினர்களோ இதைப் படித்தால், தயவுசெய்து அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஐயா, மார்கழியில் வடகிழக்குக் காற்று நிலைபெற்றதும் ரெபாக் தீவைச் சுற்றி வரவிருக்கிறோம். சுக்கானுக்கு அருகே உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம். நீங்கள் வரும்வரை புறப்பட மாட்டோம்.

நன்றியுடன்,
டீச்சரும் குடும்பத்தாரும்