கட்டுத்தறியைப் பார்த்து வாங்கு

சென்னிமலை,
நவம்பர் 2025

அன்பு நண்பா,

உன் கடிதம் தீபாவளி முடிந்த வாரமே வந்துவிட்டது. புதுக் கார் எடுப்பதா, பழையதை வாங்குவதா என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு வாய்க்கு வந்ததை எழுதிவிட மனம் வரவில்லை. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் நாலு பேரை விசாரித்துவிட்டு எழுதலாம் என்றிருந்ததால் இத்தனை நாளாகிவிட்டது. உன் பழைய ஆம்னி வேனை இனி வைத்திருப்பதில்லை என்று நீ முடிவெடுத்தது சரிதான். 2007-இல் பதிவான அந்த வண்டியின் பதிவை 2022-இல் 5,000 ரூபாய் கட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தாய். 2027-இல் மறுபடியும் போனால், இருபது ஆண்டு தாண்டிய வண்டி என்ற கணக்கில், இந்த ஆகஸ்டில் உயர்த்திய கட்டணப்படி 10,000 ரூபாய் கேட்பார்கள். அதற்கு அந்தப் பணமும் தகாது; அம்மாவை அதில் உட்கார வைத்து மாதாமாதம் கோயம்புத்தூர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவதும் இனித் தகாது.

உன் கையில் நான்கு லட்சம் இருக்கிறது. மேற்கொண்டு இரண்டரை லட்சம் கடன் வாங்கிப் புது வண்டியே எடுத்துவிடலாம் என்று பெங்களூரிலிருந்து மகன் சொல்கிறான். எனக்குத் தங்கை மாதிரியான உன் மனைவிக்கும் அதுதான் விருப்பம். உனக்கு மட்டும் பழைய வண்டியில் ஒரு கண். இதுதானே வழக்கு? இருவரும் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் முதலில் அவர்கள் பக்கத்துக் கணக்கையே போட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் போய்விட்டதால், மாருதியின் வேகன் ஆர் காரின் தொடக்க ரகம் இப்போது ஐந்து லட்சத்துக்குச் சற்றே உள்ளே வந்துவிட்டது. ஆனால் ஷோரூம் விலை வேறு, சாலையில் இறக்கும் விலை வேறு என்பது உனக்குத் தெரியாததல்ல. நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் உயர்த்திய ஆயுட்கால வரி, ஐந்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியாக வேண்டும். பதிவுச் செலவு, சீட் கவர், மேட் என்று போய், தங்கை ஆசைப்படும் அடுத்த ரகத்தை எடுத்தால், ஆறரை லட்சத்தில்தான் கணக்கு நிற்கும். இரண்டரை லட்சம் கடனுக்கு ஒன்பது சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுக்கு மாதம் ஏறத்தாழ 5,190 ரூபாய். அதில் வட்டி மட்டும் 61,000 ரூபாய்க்கு மேல்.

அந்த வண்டி ஐந்தாண்டு கழித்துப் பாதி விலைக்குப் போகும் என்று வைத்துக்கொள். விலையில் மூன்றேகால் லட்சமும் வட்டியும் சேர்ந்து மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் அளவுக்கு உன்னை விட்டுப் போயிருக்கும். நாலைந்து வயதுள்ள அதே மாதிரி வண்டியை மூன்றரை லட்சத்துக்கு வாங்கி, ஐந்தாண்டு ஓட்டி, பாதிக்கு விற்று, இடையில் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் என்று புது வண்டியைவிட எண்பதாயிரம் அதிகமாகவே செலவழித்தாலும், போவது இரண்டரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதி வட்டிதான் என்பதைக் கவனி. உன் கையில் முழுப் பணமும் இருந்திருந்தால், வருடத்துக்குப் பதினான்காயிரம் போனால் போகட்டும், நிம்மதியாகப் புதிதையே எடு என்றுதான் எழுதியிருப்பேன். பழைய வண்டி பாதிக்குப் பாதி மிச்சம் என்று ஊரில் சொல்வதெல்லாம் நிதானமாகக் கணக்குப் போடாதவர்கள் பேச்சு. உன் விஷயத்தில் தராசைச் சாய்ப்பது கடன். ஓய்வூதியத்திலிருந்து மாதம் ஐயாயிரத்துக்கு மேல் தவணைக்கு என்று ஒதுக்கிவிட்டு, அம்மாவின் மருந்துச் செலவுக்கு மகனிடம் கேட்டு நிற்கும் நிலை உனக்கு வேண்டாம்.

நீ ஓட்டப் போவதும் அதிகமில்லை. கோபியிலிருந்து கோயம்புத்தூருக்கு மாதம் ஒருமுறை, போக வர நூற்றறுபது கிலோமீட்டர். பண்ணாரி, பழநி, முகூர்த்த மாதங்களில் கல்யாணங்கள், இடையில் தோட்டம். எப்படிக் கூட்டினாலும் வருடத்துக்கு ஆறாயிரத்தைத் தாண்டாது. இந்த ஓட்டத்துக்கு டீசல் வண்டியை நினைக்கவே வேண்டாம். இப்போதைய டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பாகம் ஒன்று உண்டு. நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். கடைவீதிக்கும் தோட்டத்துக்குமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

எந்த ஆண்டு வண்டி என்பதில் மட்டும் நீ விட்டுக்கொடுக்காதே. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்தும், ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் கட்டாயம் ஆயின. பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2021 முடியும்போதுதான். அம்மா முன் சீட்டில்தான் உட்காருவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை, புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 தரத்து வண்டிகள், அதுவும் நல்லது. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும், இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே பாகங்கள் அமைக்கப்பட்டவை 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகள். அதற்கு முந்தையதை வாங்கினால் மைலேஜ் சற்றுக் குறையும், பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் சர்வீஸுக்குச் சர்வீஸ் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்காக வாங்காமல் இருக்க வேண்டியதில்லை.

இனி, என் பழைய காயத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. 2016-இல் நான் வாங்கிய வெள்ளைக் கார் உனக்கு நினைவிருக்கும். உன் மகள் கல்யாணத்துக்கு அதில்தான் வந்தேன், திரும்பும்போது வழியில் நின்றுவிட்டது. சென்னைப் பதிவெண், நாலே வயது, பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது, ஊர் விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. வாங்கி விற்பவர் ஒருவரிடம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடித்தேன். உள்ளே அடித்திருந்த வாசனைத் திரவியத்தின் நெடியே என்னை எச்சரித்திருக்க வேண்டும். இரண்டாம் மாதம் கண்ணாடி ஏற்றும் பட்டன் வேலை செய்யவில்லை. நாலாம் மாதம் டேஷ்போர்டு விளக்குகள் தாமாக எரிந்து தாமாக அணைந்தன. நம் ஊர் மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். அடியில் சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கோடு அப்படியே காய்ந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. பதினான்கு மாதத்தில் எழுபதாயிரம் செலவழித்து, ஒன்று இருபதுக்குத் தள்ளிவிட்டேன். வாங்க வந்தவரிடம் வெள்ள விஷயத்தைச் சொல்லியே விற்றேன் என்பது மட்டும்தான் எனக்கு மிஞ்சிய ஆறுதல்.

அன்று நான் செய்த பிழை, வண்டியை மட்டும் பார்த்தது. நம் அப்பாக்கள் இருவரும் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தைக்குப் போய் மாடு பிடித்து வந்ததை நினைத்துப் பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் மாடு என்று தெரிந்தால் என் அப்பா சந்தையில் முடிக்கவே மாட்டார். மறுநாள் விற்பவரின் தோட்டத்துக்கே போய், அவர் கட்டுத்தறி எப்படி இருக்கிறது, மற்ற மாடுகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார். கார் வாங்குவதில் நான் கற்றதெல்லாம் அதுதான்: விற்பவரின் வீட்டுக்குப் போய் வண்டியைப் பார்.

2018-இல் காங்கேயத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் என் இப்போதைய வண்டியை அப்படித்தான் வாங்கினேன். ஊர் விலையைவிட முப்பதாயிரம் அதிகம் கேட்டார். வீட்டுக்குப் போனால், வண்டி நிழலில் நிற்கிறது; முதல் சர்வீஸிலிருந்து எல்லா ரசீதும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் இருக்கின்றன; பின் கதவில் விழுந்த ஒரு கீறலை நான் கேட்பதற்கு முன் அவரே காட்டினார். கேட்ட விலையையே கொடுத்துவிட்டேன். ஏழு ஆண்டாகிறது, கிளட்ச் ஒருமுறை மாற்றியதைத் தவிர அது என்னைக் கடைக்கு இழுத்ததில்லை.

ரசீதுகளை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிலோமீட்டர் மீட்டரைத் திருத்துவது இன்று கைவந்த கலை. ரசீது ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும், அதை ஒருவர் ஐந்தாண்டுக்கும் சேர்த்துப் பொய்யாக உருவாக்க மெனக்கெட மாட்டார். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 2221 என்றால் 2021-இன் இருபத்திரண்டாம் வாரம். மாட்டுக்குப் பல் மாதிரி. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நாலு டயரும் போன வருடத்தவையாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கலாம். பானெட் திருகுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் நீ போவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைத்திருப்பவரை நான் நம்புவதில்லை.

விலை பேசுவதற்கு ஒரு பிடி சொல்கிறேன். விற்பவரின் காப்பீட்டுத் தாளை வாங்கிப் பார். அதில் வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை இருக்கும். மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள் உள்ள வண்டிக்குப் புது விலையில் 40 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்துக்குள் 50 சதவீதமும் கழிப்பது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். சந்தையில் அந்த விலைக்கே கிடைக்காது, ஆனால் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். புது வண்டி விலை குறைந்துவிட்டது என்பதையும் நினைவுபடுத்து. பலர் இன்னும் தாங்கள் பழைய வரியோடு கொடுத்த விலையை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். இடையில் வாங்கி விற்பவரிடம் போனால் அவர் லாபத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது எப்படியும் உன் தலையில்தான் விடியும். தனியாரிடம் நேரே வாங்கினால் அது இல்லை.

தாள் விஷயத்தில் சோம்பல் படாதே. கடன் வாங்கி எடுத்த வண்டியென்றால் அதன் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கியாகிவிட்டதா என்று பார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு, உன் பெயருக்கு மாற்றி, பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிடு. அவர் இழப்பீடு கோராமல் சேர்த்து வைத்த காப்பீட்டுத் தள்ளுபடி அவரோடு போய்விடும். உனக்குச் சுழியத்திலிருந்துதான் தொடக்கம். ஆம்னியை விற்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்தவர்தானே என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே. அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

தங்கையின் மனக்குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண மண்டப வாசலில் இறங்கும்போது, ஒறம்பரையில் யாராவது ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, எத்தனாவது கை என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். என் மனைவிக்கும் முதல் வருடம் அது உறுத்தியது. பிறகு கேட்டவர்களே தங்கள் தவணையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. ஆனாலும் அம்மிணியையும் கூட்டிக்கொண்டே வண்டியைப் பார்க்கப் போ. வாங்கியபின் காட்டினால்தான் வருத்தம் மனத்தில் தங்கிவிடும்.

பெருந்துறையில் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவரின் வண்டி எனக்குத் தெரிய வந்திருக்கிறது. 2021 வேகன் ஆர், பெட்ரோல், ஒரே கை, முன்னால் இரண்டு ஏர்பேக், முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். மகளுடன் வெளிநாடு போவதால் விற்கிறார். மூன்று எண்பது கேட்கிறார், மூன்றரைக்கு வருவார் என்று நினைக்கிறேன். மீதி ஐம்பதாயிரத்தை டயருக்கும் பேட்டரிக்கும் என்று தொடாமல் வை. இதுவும் சரிப்படாமல், தை பிறக்கும் வரை வேறு நல்லதும் அமையாவிட்டால், மகன் சொல்லுக்கே விட்டுவிடலாம்; ஆனால் அப்போதும் தொடக்க ரகத்தையே எடுத்துக் கடனைச் சுருக்கு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெருந்துறைக்கு வந்துவிடு. நம் மெக்கானிக்கையும் அழைத்து வருகிறேன். நாம் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலை வேண்டாம். சென்னிமலைக்கு வந்து மலைப்பாதையில் ஏற்றிப் பார்ப்போம், கிளட்ச்சின் யோக்கியதை இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிடும். அப்படியே முருகனைக் கும்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்