படத்துல ரெண்டு பேர், பேரு ஒருத்தருக்குத்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த குளிர்கால பாராலிம்பிக்ஸ் கட்டுரை நல்லா இருந்துச்சு, பார்வை ரொம்ப கொறைஞ்ச பிரையன் மெக்கீவர் பனிச்சறுக்குல கனடாவுக்கு 16 தங்கம் ஜெயிச்ச கதைய என் பொண்ணுக்கும் படிச்சுக் காட்டினேன். ஆனா படத்துல ரெண்டு பேர் இருக்காங்க, பேரு ஒருத்தருக்குத்தான் போட்டிருக்கீங்க. கூடப் போறவர் கைடு சார், கூடவே சறுக்கிக்கிட்டு வழி சொல்றவர். 2010 வான்கூவர்ல பிரையனுக்கு வழிகாட்டினது சொந்த அண்ணன் ராபின், அவரே 1998 நாகானோ ஒலிம்பிக்ஸ்ல கலந்துக்கிட்டவரு. கைடுக்கும் சேர்த்துத்தான் மெடல் குடுக்கிறாங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, நான் மினியாபொலிஸ்ல வேலை பாக்குறேன், எங்க ஆபீஸ் அம்மா ஒருத்தங்க வருஷா வருஷம் ஒரு வாரம் லீவு போட்டுட்டு ‘ஸ்கீ ஃபார் லைட்’டுக்கு கைடா போவாங்க. நார்வேல எர்லிங் ஸ்டோர்டால்னு கண்ணு தெரியாத பாடகர் 1964ல ஆரம்பிச்ச பனிச்சறுக்கு விழாவைப் பாத்து 1975லேர்ந்து அமெரிக்காவுல கண்ணு தெரியாதவங்களுக்காக நடக்குற நிகழ்ச்சி அது. பனில ரெண்டு ஜோடி தடம் பக்கத்து பக்கத்துல வெட்டியிருப்பாங்க, ஒண்ணுல கண்ணு தெரியாதவங்க, ஒண்ணுல கைடு. கைடோட பேச்சு நிக்கவே கூடாதாம், “முன்னாடி இறக்கம், லேசா வலது பக்கம் வளையுது”ன்னு சொல்லிக்கிட்டே போகணும், ஏதாவது ஆபத்துன்னா “நில்லு”ன்னு கத்தக் கூடாது, “உக்காரு”ன்னு கத்தணுமாம், சறுக்கிட்டு இருக்கிறவங்க எப்படி சட்டுனு நிப்பாங்க? பொத்துனு உக்காந்தாதான் நிக்க முடியும்.

இதுல சம்பளம் கிடையாது, அதோட போக்குவரத்து, ரூம், சாப்பாடு எல்லாம் கைடோட கைக்காசுதான். போன வருஷம் அவங்க குழுவுல ஒரு பழைய கைடு இறந்துட்டாரு, மாலை எல்லாம் வேண்டாம், அவர் பேர்ல ஒரு நிதி வச்சு கைடா வர்ற சின்னப் பசங்களுக்கு செலவுக்குக் குடுங்கன்னு குடும்பத்துல சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டுட்டு, “சேவைன்னா சும்மாதான செய்யணும், அதுக்கு எதுக்கு காசு”ன்னாரு. அப்படிப் பாத்தா ரிட்டயர் ஆனவங்களும் வசதி இருக்கிறவங்களும்தான் கைடா வர முடியும், ஒரு ஆளுக்கு ஒரு கைடுங்கிற கணக்குல ஒரு காலேஜ் பையன் டிக்கெட்டுக்கு காசில்லாம வராம போனா, அங்க கண்ணு தெரியாத ஒருத்தரும் ரூம்லயே உக்காந்திருக்கணும். அவருக்கு இது சொன்னாலும் ஏறல, விடுங்க.

எங்க அப்பா திதிக்கு வழக்கமா கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் குடுப்போம் (உபயம்னு எழுதி எழுதி பாதி வெளிச்சம் வெளியவே வராது), இந்த வருஷம் அந்தக் காசை இந்த நிதிக்கு அனுப்பிட்டேன். யாரோட நினைவாங்கிற இடத்துல முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் இருந்துச்சு, இனிஷியல எந்தக் கட்டத்துல போடுறதுன்னு அரை மணி நேரம் முழிச்சேன்.

அடுத்த தடவை படம் போடும்போது கைடு பேரையும் கீழ போட்டுடுங்க சார்.

இப்படிக்கு
உங்கள் வாசகி, மினியாபொலிஸ்