இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

அன்புள்ள ரமணி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்தது தப்புதான், நன்றாகத் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மற்றதெல்லாம் நேரில்.

இப்போது என்னை உட்கார்ந்து எழுத வைத்தது நீ அனுப்பிய செய்தித் துணுக்கும், கூடவே இருந்த நான்கு பக்க மறுப்பும்தான். ‘இரத்த அழுத்த மாத்திரையால் ஆபத்து இரண்டு மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் இந்த நான்கு பக்கத்தை அப்படியே அனுப்பிவிடாதே. முதல் பக்கம் முழுக்க நிருபரைத் திட்டியிருக்கிறாய். இரண்டாவதில் நம் மருத்துவத் தொழிலின் மாண்பு. மூன்றாவதில் மேற்கோள்கள். நாளைக் காலை மாத்திரையைப் போடலாமா, வேண்டாமா என்று பதறிக்கொண்டிருப்பவருக்கான விடை நான்காம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. பரீட்சையில் கூடுதல் தாள் கேட்கும் பழக்கம் உன்னை விட்டுப் போகவே இல்லையடி!

அந்த விடைதான் முதல் வரியில் வர வேண்டும். ‘மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள்.’ இதயத் துடிப்பைக் குறைத்து அழுத்தத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம், சிலருக்கு மாரடைப்பே வரலாம். க்ளோனிடின் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும். இதை எந்தத் தலைப்பும் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். தவறான தலைப்பை மறுப்பின் தொடக்கத்தில் திரும்ப எழுதாதே. அவசரமாகப் படிப்பவர் மனதில் அதுதான் தங்கும்.

அடுத்தது எண்ணிக்கை. ‘இரண்டு மடங்கு’ என்பதைப் பொய் என்று நீ எழுதியிருக்கிறாய். பொய்யில்லை, பாதி உண்மை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற மறுபாதியைத்தான் விட்டுவிட்டார்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததை நினைத்துப் பார். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் கட்டி ஏற்படும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பல மருத்துவர்கள் கையில் கடிதம் கிடைக்கும் முன்பே செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆகும் என்பதுதான் விஷயம். பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அதற்கடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரத்தக் கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். செய்தியோடு அந்த 7,000 என்ற எண்ணும் சேர்ந்தே போயிருந்தால் எவ்வளவு தவிர்த்திருக்கலாம்!

2015-இல் பதப்படுத்திய இறைச்சி பற்றி வந்ததும் இதே கதைதான். தினம் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. வாழ்நாளில் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வருவது ஆறு பேருக்கு வரும் என்று பொருள். புற்றுநோய் உண்டாக்குபவை என்று புகையிலையை வைத்திருக்கும் அதே பட்டியலில் இறைச்சியையும் சேர்த்ததால், ‘சிகரெட் அளவுக்குக் கெடுதல்’ என்று பலர் எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது, கெடுதல் எவ்வளவு என்பதை அல்ல.

ஆகவே பேனாவைத் தொடும் முன் மூல ஆய்வுக் கட்டுரையை எடு. ஆய்வு செய்த நிறுவனம் பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பு போதாது. அட்டவணையில் மாத்திரை போட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், போடாதவர்களில் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளில் என்று பார்த்து, ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்று மாற்றி எழுது. சோதனை மனிதரிலா, எலியிலா? மாத்திரை யாருக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்களா, வெறும் நோயாளிப் பதிவேட்டை வைத்துப் பார்த்தார்களா? பதிவேடு என்றால் ஒன்றை மறக்காதே: நோய் முற்றியவருக்குத்தான் அந்த மாத்திரையை எழுதியிருப்பார்கள். நோய் செய்த கெடுதல் மாத்திரையின் கணக்கில் ஏறிவிடும்.

நிருபர் மேல் பாய்வதற்கு முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும், ரமணி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். 40 சதவீதத்தில், கட்டுரையில் இருப்பதைவிட மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. 33 சதவீதத்தில், இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படும் வெறும் தொடர்பை, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று மாற்றியிருந்தார்கள். குறிப்பில் மிகை இருந்தால் செய்தியிலும் மிகை வரும் வாய்ப்பு பல மடங்கு கூடியது. ஊதியது நம் ஆட்கள், பழி பத்திரிகைக்கு. இது எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது.

தலைப்பைப் பெரும்பாலும் நிருபர் வைப்பதில்லை, மேசையில் இருக்கும் உதவி ஆசிரியர் வைக்கிறார். அதனால் தலைப்பில் ஒரு திருத்தம், செய்தியில் ஒரு திருத்தம் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள். அச்சிட்டது அச்சிட்டதுதான், ஆனால் இணையப் பதிப்பில் தலைப்பையே மாற்றலாம். திருத்திய தேதியையும் போடச் சொல். மறுப்பு 150 சொற்களைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் அவர்களே வெட்டுவார்கள், வெட்டுவது உன் எண்ணாகத்தான் இருக்கும். அன்றைக்கே அனுப்பு. மருந்து நிறுவனத்திடம் எப்போதாவது பேச்சுக்குப் பணம் வாங்கியிருந்தால் அதையும் நீயே சொல்லிவிடு. உன் நோயாளி பத்திரிகைக்குப் பேட்டியே கொடுத்திருந்தாலும், அவர் சம்மதம் இல்லாமல் அவர் விவரம் ஒரு சொல் கூட உன் கடிதத்தில் வரக் கூடாது; மூன்றாம் பக்கத்தில் ஒரு வயதும் ஒரு நோயும் எழுதியிருக்கிறாயே, அதை உடனே அடி.

கட்டுரையின் இரண்டாம் அட்டவணையை எனக்கு அனுப்பு. கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
உன் மாலு