திராஸ் போயிட்டு வந்தேன் மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, முட்டி வலி இப்ப எப்படி இருக்கு. போன்லயே பேசிருக்கலாம்தான், ஆனா எனக்கு இப்பல்லாம் போன்ல பாதி வார்த்தை விழவே மாட்டேங்குது, இடது காது சுத்தமா போச்சு, வலது காதுல எந்நேரமும் ஒரு ரீங்காரம், டாக்டர் பாத்துட்டு சர்வீஸ்ல என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு, பீரங்கின்னு சொன்னேன், அப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல. அதான் எழுதுறேன்.

போன வருஷம் செப்டம்பர்ல, நாம 99 கார்கில் யுத்தத்துல இருந்த அந்த திராஸ் போயிட்டு வந்தேன்டா. உங்கிட்ட சொல்லாம போனதுக்கு கோச்சுக்காத. மூணு தடவ கூப்பிட்டும் நீ வரலன்னுட்ட, நாலாவது தடவ கூப்பிட்டு உன்ன சங்கடப்படுத்த எனக்கு மனசு வரல. பெரியவதான் லீவு போட்டு கூட்டிட்டுப் போனா. ஸ்ரீநகர்ல இருந்து கார்ல சோஜிலா கணவாய் ஏறுறோம், அவ ஜன்னல் பக்கமா உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டே வர்றா, எனக்கு 99ல அதே ரோட்டுல நாம ராத்திரி போனதுதான் கண்ணு முன்னாடி நிக்குது, ஹெட்லைட் கெடையாது, பின்னாடி பீரங்கி இழுத்துக்கிட்டு வருது, முன்னாடி போற வண்டியோட அடியில எரியிற அந்த சின்ன வெளிச்சத்த மட்டும் பாத்துக்கிட்டே டிரைவர் ஓட்டுறாரு, ஒரு பக்கம் பாதாளம். மேல உச்சியில உக்காந்திருக்க எதிரிக்கு ஹைவே மொத்தமும் தெரியும், பகல்ல போனா குண்டு வரும். நீ அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசாம வந்த, ஞாபகம் இருக்கா?

நம்ம கன் பொசிஷன் இருந்த எடத்த சுமாரா கண்டுபுடிச்சேன். இப்ப வெறும் புல்லும் கல்லும்தான். அங்க நின்னுக்கிட்டு பொண்ணு கேட்டா, "அப்பா, இங்க இருந்து யாரப் பாத்து சுட்டீங்க?" நான் யாரையும் பாக்கலம்மான்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. நியாயம்தான், யுத்தம்னா நேருக்கு நேரா சுடுறதுன்னுதான எல்லாரும் நெனைக்கிறாங்க. ரொம்ப நேரம் உக்காந்து வெளக்கினேன். மலை மேல காலாட்படையோட நம்ம ஓ.பி. ஆபீசரும் ஏறுவாரு, அவருதான் நம்ம கண்ணு, குண்டு எங்க விழுந்துச்சுன்னு பாத்து ரேடியோல சொல்லுவாரு, ஆட்னா தூரத்தக் கூட்டு, டிராப்னா கொற, அப்புறம் லெஃப்ட், ரைட்டுன்னு, அது கமாண்ட் போஸ்ட்டுக்கு வந்து கணக்கு போட்டு எங்களுக்கு வரும், நாங்க அதுக்கேத்தாப்ல குழல திருப்பி சுடுவோம். சமவெளியா இருந்தா 50 மீட்டர் தள்ளி விழுந்தாலும் எதிரி பக்கத்துலதான் விழும். அங்க அப்படி இல்லையே. உச்சி கத்தி மாதிரி இருக்கு, கொஞ்சம் கூடப் போனா மலையத் தாண்டி அந்தப்பக்கப் பள்ளத்துல போயி விழும், கொஞ்சம் கொறஞ்சா கீழ பாறையப் புடிச்சு ஏறிக்கிட்டு இருக்குற நம்ம பசங்க மேலயே விழும். அதுலயும் அந்த ஒசரத்துல காத்து லேசு, குண்டு வழக்கத்த விட தூரமா பறக்குது, டேபிள்ல இருக்குற கணக்கு அப்படியே சரியா வராது. அதனாலதான சில பீரங்கிய மலை கண்ணுக்குத் தெரியிற எடத்துக்கே கொண்டுபோயி நேரா குறி வெச்சு சுட்டாங்க, எதிரியோட பார்வையில நின்னுக்கிட்டே. அவ்வளவு தைரியம்டா அந்த டீமுக்கெல்லாம்.

மொத்த யுத்தத்துலயும் 2,50,000 குண்டுக்கு மேல சுட்டிருக்கோம்னு சொல்றாங்க, டைகர் ஹில் புடிச்ச அன்னிக்கு மட்டும் 9,000. நம்பரா கேட்டா பெருசா தெரியும். எனக்கு அது முதுகுல இருக்குற கணக்கு. ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல, லாரியில இருந்து எறக்கி, தோள்ல போட்டு, பள்ளத்துக்குக் கொண்டு வந்து, துடைச்சு அடுக்கி, திரும்பப் போயி அடுத்தது, மூச்சு வாங்க காத்து இல்லாத எடத்துல.

ஆனா நான் எழுத வந்தது வேற மாப்ள. அந்த ராத்திரி.

நீ ரேடியோ செட்ல இருந்த. நாங்க சுட்டுக்கிட்டே இருந்தோம், கரெக்ஷன் வந்துக்கிட்டே இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. லோட் பண்ணி வெச்சுட்டு நிக்கிறோம், ஆர்டர் வரல. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், எவ்வளவு நேரம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது, குளிர்ல கை மரத்துப்போச்சு. அப்புறம் மறுபடியும் ஆர்டர் வந்துச்சு, விடியிற வரைக்கும் சுட்டோம். பசங்க உச்சியப் புடிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க, நாங்கல்லாம் கட்டிப்புடிச்சுக்கிட்டோம், சத்தம் போட்டோம். நீ கமாண்ட் போஸ்ட்ல இருந்து வெளிய வந்து ஒரு ஓரமா உக்காந்த. நான் ஓடி வந்து தோளப் புடிச்சு உலுக்குனப்பதான் சொன்ன, மேல ஓ.பி.யா இருந்த கேப்டன் சாப் ராத்திரியே போயிட்டாரு, அதுக்கு அப்புறம் பேசுனது அவரு கூட மலை ஏறுன ரேடியோ ஆபரேட்டர் பையன்னு.

எனக்கு வந்த கோவத்துல உன்ன என்னெல்லாமோ பேசிட்டேன். நாலு மணி நேரம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தியே, நாங்க இங்க ஆடிக்கிட்டு இருக்கோமேன்னு. ரெண்டு நாள் உங்கூட பேசல. அப்புறம் பேசினோம், ஒண்ணா சாப்பிட்டோம், ஒண்ணா பென்ஷன் வாங்குறோம், ஆனா அந்தப் பேச்ச நீயும் எடுக்கல, நானும் எடுக்கல.

டோலோலிங் அடிவாரத்துல மெமோரியல் கட்டிருக்காங்கல்ல, அங்க சுவர்ல பேரெல்லாம் வெட்டிருக்கு. அவரு பேரத் தேடிக் கண்டுபுடிச்சு கை வெச்சேன். கல்லு வெயில்ல சூடா இருந்துச்சு. நம்ம திருச்சி மேஜர் சரவணன் பேரையும் தேடினேன், பட்டாலிக்ல மே 29ஆம் தேதி விழுந்தவரு, உடம்பக் கொண்டு வரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே, அவங்க வீட்டுல அந்த ஒரு மாசம் எப்படி இருந்திருப்பாங்க. திராஸ்ல இருக்குற 5140ஆம் பாயிண்ட் உச்சிக்கு 2022ல கன் ஹில்னு பேரு வெச்சாங்கல்ல, நம்மள மாதிரி கன்னர்களுக்காக, அந்த மலையையும் நிமிந்து பாத்தேன். பெருமையாதான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அங்க நிக்கும்போது எனக்குத் தோணுனது என்னன்னா, நீ அன்னிக்கு சொல்லிருந்தா என் கை நடுங்கிருக்கும். குழலக் குறி வெக்கிற லேயர் கை நடுங்கிருக்கும். குழல் நூலளவு நகந்திருந்தாலும் மேல இருந்த பசங்க மேல விழுந்திருக்கும். நீ அத்தன நேரம் அந்தச் சேதிய உனக்குள்ளயே வெச்சுக்கிட்டு, குரல்ல ஒரு மாத்தம் காட்டாம நம்பரப் படிச்சுக் குடுத்திருக்க. அத நான் 25 வருஷம் கழிச்சு அந்தச் சுவர் முன்னாடிதான் புரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்குப் பேசுனதுக்கு மன்னிச்சுரு மாப்ள.

பொண்ணு கேட்டா, அந்த கேப்டன் எப்படி இருப்பாருன்னு. ரெண்டு தடவதான் தூரத்துல பாத்திருக்கேன், முகமே சரியா ஞாபகம் வரல. அவரு குரலக் கேட்டவன் நீதான். கடைசியா என்ன சொன்னாரு, அந்தப் பையன் எப்படிப் பேசினான், உனக்கு முடிஞ்சா எழுது. கட்டாயம் இல்ல. ரெண்டு வரி ஆனாலும் போதும், பேப்பர்ல எழுதி அனுப்பு, போன்ல சொன்னா என் காதுல விழாது, இந்த விஷயத்துல ஒரு வார்த்தை கூட எனக்கு விட்டுப்போகக் கூடாது.

சின்னவ கல்யாணத்துக்கு தேதி வெச்சதும் சொல்லு, ஒரு வாரம் முன்னாடியே வந்துர்றேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு. லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்க மறந்துறாத.

உன்னோட பழைய லோடர்