வெட்டிய கட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

சேலம், ஏற்காடு வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், சிறு மருத்துவமனைகளில் அறுவை செய்வோருக்கும்,

வணக்கம். காபித் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் முதியவர், பாதத்தில் சிவந்த கட்டியோடு வருகிறார். காலாணி, மரு என்று சுட்டு அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலும் அது காலாணிதான். ஆனால் வியர்வைக் குழாயில் தொடங்கும் போரோகார்சினோமா என்ற புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும். பல வருடம் சும்மா கிடந்த கட்டி திடீரென வளர்ந்தால், புண்ணானால், ரத்தம் கசிந்தால் சுடாதீர்கள். கருகிய சதையில் நோயியல் மருத்துவர் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

முதலில் பயாப்சி, அதாவது ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. மேலாகச் சீவினால் போதாது. மேலுதட்டருகே வரும் மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற இன்னொரு தோல் புற்றுநோய், மேற்பரப்பில் சிரிங்கோமா என்ற தீங்கற்ற வியர்வைக் குழாய்க் கட்டி போலவே இருக்கும். நரம்பைச் சுற்றி அது ஊர்வது ஆழத்தில்தான் தெரியும். தோலை வட்டமாக வெட்டி எடுக்கும் 4 மி.மீ. 'பஞ்ச்' கருவியைக் கொழுப்பு வரை இறக்குங்கள்.

மலையிலிருந்து வரும் சாம்பிள்கள் கெடுவது பெரும்பாலும் பாட்டிலில்தான். சலைனில் திசு அழுகும், ஸ்பிரிட்டில் சுருங்கும், ஃப்ரீசரில் பனி குத்திச் செல்கள் உடையும். திசுவைக் கெடாமல் காப்பது ஃபார்மலின் கரைசல்தான்: கடை ஃபார்மலின் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. லிட்டருக்கு சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். துண்டைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். வாய் அகன்ற பாட்டில் எடுங்கள்: ஃபார்மலினில் இறுகிய துண்டு குறுகிய வாயில் வெளியே வராது. பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிவிடும். முழுதாக வெட்டினால் 12 மணித் திசையில் ஒரு தையல் போடுங்கள். எந்த ஓரத்தில் நோய் மிச்சம் என்று சொல்ல அது உதவும்.

ரிப்போர்ட்டில் வெறும் 'அடினோகார்சினோமா' (சுரப்பிப் புற்றுநோய்) என்றிருந்தால், மார்பகம், நுரையீரல், குடலிலிருந்து தோலுக்கு வந்ததா என்று பாருங்கள். தோலிலேயே தொடங்கியதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய, ஆய்வகத்தில் திசுவுக்கு ஏற்றும் பி63, டி2-40 சாயங்கள் துணைசெய்யும். ஆனால் உடல் பரிசோதனையும் ஸ்கேனும் இல்லாமல் சாயத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

உறுதியானால் ஓரம் விட்டு அகலமாக வெட்டுவது, வசதியுள்ள இடத்தில் மோஸ் முறை (அடுக்கடுக்காக வெட்டி, ஓரங்களை அப்போதே நுண்ணோக்கியில் பார்ப்பது). தொடையிடுக்கு நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். பரவியபின் நம்பகமான கீமோ இல்லை என்பதால் முதல் அறுவையே முக்கியம்.

ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளி மலையேறிவிடுவார், புண் ஆறினால் திரும்பி வரமாட்டார். பாட்டில் கிளம்பும் அன்றே அவருடைய செல் நம்பரையும் கிராம செவிலியரின் நம்பரையும் பதிவேட்டில் எழுதி, ரிப்போர்ட் வந்ததும் நீங்களே கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்துத் தோல், நோயியல் மருத்துவர்கள் சிலர்